கணினிக் கட்டடத்தில் குளிரும் அறைகள்: ஹீட்டிங் அன்மெட் ஹவர்ஸை எப்படிக் கையாள்வது?

சென்னையில் உட்கார்ந்துகொண்டு சிகாகோ கட்டடத்துக்கு எனர்ஜி மாடல் போடும் பொறியாளர்கள் இன்று பலர். கூலிங் பக்கம் அவர்களுக்குச் சிக்கலில்லை. மே மாத வெயிலில் மேற்குப் பார்த்த அறை எப்போது வேகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹீட்டிங் அப்படியல்ல. ஜனவரியில், வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு ஓர் அலுவலக அறை எப்படியிருக்கும் என்பது நம் உடம்புக்குத் தெரியாத சங்கதி.

அதனால் சிமுலேஷன் முடிந்து, ரிப்போர்ட்டில் ‘ஹீட்டிங் அன்மெட் ஹவர்ஸ் 640’ என்று வந்து நின்றால், பெரும்பாலோர் முதலில் கை வைப்பது கருவிகளின் அளவைக் கூட்டும் சைசிங் ஃபேக்டரில்தான். சில நேரம் எண் இறங்கும், பல நேரம் அசையாது. இறங்கினாலும் ஏன் இறங்கியது என்று தெரியாது. இந்த எண்ணை முறையாகப் படித்து, காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

எண் என்ன சொல்கிறது?

வருடத்துக்கு 8760 மணி நேரம். மாடலில் உள்ள ஒவ்வொரு ஜோனுக்கும் ஒரு தெர்மோஸ்டாட் செட்பாயின்ட் உண்டு. குளிர்காலத்தில் பகலில் 21 டிகிரி என்று கொடுத்திருக்கிறீர்கள். ஹீட்டிங் முழு மூச்சில் ஓடியும், அல்லது ஓட வேண்டிய நேரத்தில் ஓடாமல் போயும், அறை 19 டிகிரியிலேயே நின்றால் அந்த நேரம் அன்மெட் கணக்கில் ஏறிவிடும்.

அமெரிக்காவின் ஆஷ்ரே 90.1 தரநிலை இதற்கு வரையறை கொடுத்திருக்கிறது. செட்பாயின்ட்டைச் சுற்றித் தெர்மோஸ்டாட் வேலை செய்யும் இடைவெளிக்கு த்ராட்லிங் ரேஞ்ச் என்று பெயர். அதில் பாதிக்கு மேல் அறை விலகினால் அது அன்மெட். கட்டடத்தில் எந்த ஒரு ஜோன் விலகினாலும் அந்த மணி கணக்கில் சேரும். ஒரே நேரத்தில் ஐந்து ஜோன் விலகினாலும் அது ஒரு மணிதான். ஆகவே ஜோன்வாரியான எண்களைக் கூட்டிக் கட்டடத்தின் எண் இது என்று சொல்லக் கூடாது. இருபது ஜோன்கள் தலா 20 மணி நேரம் தவறினால், எல்லாம் ஒரே வேளையில் தவறியிருந்தால் மொத்தம் 20. வெவ்வேறு வேளைகளில் தவறியிருந்தால் 400 வரை போகலாம்.

அந்தத் தரநிலையின் அப்பெண்டிக்ஸ் ஜி போட்டிருக்கும் வரம்பு 300 மணி. ஹீட்டிங், கூலிங் இரண்டும் இதற்குள் அடங்க வேண்டும். 8760-இல் இது சுமார் 3.4 சதவீதம். நாம் வடிவமைத்த புரபோஸ்டு மாடல், ஒப்பிடுவதற்காக விதிப்படி உருவாக்கும் பேஸ்லைன் மாடல் இரண்டுமே இந்த வரம்புக்குள் நிற்க வேண்டும். 2007 பதிப்பில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது: புரபோஸ்டின் எண் பேஸ்லைனின் எண்ணைவிட 50-க்கு மேல் கூடுதலாக இருக்கக் கூடாது.

எனர்ஜிபிளஸ் சிமுலேஷன் மென்பொருளைப் பயன்படுத்துவோர் இரண்டு விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் இயல்பான டாலரன்ஸ் 0.2 டிகிரி செல்சியஸ். அதாவது 21-க்கு 20.7 வந்தாலே அன்மெட். அடுத்து, பத்து நிமிட டைம்ஸ்டெப் வைத்திருந்தால் ஒவ்வொரு தவறும் ஆறில் ஒரு பங்கு மணியாகச் சேரும். ரிப்போர்ட்டில் ‘ஹீட்டிங்’, ‘ஆட்கள் இருக்கும் நேர ஹீட்டிங்’ என்று தனித்தனி எண்கள் வரும். எதை மேற்கோள் காட்டுகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

வரம்பு எதற்கு?

அறை சூடாகவில்லை என்றால் அதைச் சூடாக்கும் எரிபொருளும் செலவாகவில்லை என்று பொருள். புரபோஸ்டு மாடலில் பாதி அறைகள் குளிர்ந்து கிடக்க, பேஸ்லைனைவிட 20 சதவீதம் மிச்சம் என்று காட்டுவது, அடுப்பே மூட்டாமல் கேஸ் மிச்சம் என்று சொல்வதைப் போன்றது. இரண்டு மாடல்களும் ஒரே அளவு சௌகரியத்தைக் கொடுக்கும்போதுதான் மின்சாரத்தையும் எரிவாயுவையும் ஒப்பிடுவதில் நியாயம் இருக்கும். லீட் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குப் போகும் மாடலில் பரிசீலகர் இந்த எண்ணைக் கேட்பதும் இதற்காகத்தான்.

அதற்காகப் பூஜ்யத்தைத் துரத்தவும் வேண்டாம். ஹீட்டிங் சைசிங்குக்கு வழக்கமாக எடுப்பது 99.6 சதவீத வெளிவெப்பநிலை. சிகாகோ ஓ’ஹேர் விமான நிலையத் தரவில் அது சுமார் மைனஸ் 20. வருடத்தில் மீதி 0.4 சதவீத நேரம், அதாவது ஏறக்குறைய 35 மணி, அதைவிடவும் குளிராக இருக்கும் என்பதை ஒப்புக்கொண்டே அந்த எண்ணை எடுக்கிறோம். சில பத்து மணிகள் அன்மெட் வருவது இயல்பு. நூற்றுக்கணக்கில் வந்தால் எங்கோ கோளாறு.

முதலில் மூன்று கேள்விகள்

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். எந்த ஜோன்? எந்த மாதம்? எந்த மணி?

ஜோன்வாரி அட்டவணை எனர்ஜிபிளஸ் ரிப்போர்ட்டின் சிஸ்டம் சம்மரி பகுதியிலேயே இருக்கிறது. பெரும்பாலும் 640 மணிக்கும் காரணம் நுழைவாயில் லாபி, மாடிப்படி என ஒன்றிரண்டு ஜோன்களாகத்தான் இருக்கும். அந்த ஜோன்களின் அறை வெப்பநிலை, செட்பாயின்ட், வெளிவெப்பநிலை, உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை, காற்றின் அளவு ஆகிய ஐந்தையும் மணிவாரியாக எடுத்து ஒரே வரைபடத்தில் போடுங்கள். தவறு எப்போது நடக்கிறது என்பது தெரிந்தாலே காரணம் பாதி பிடிபட்டுவிடும். பொதுவாக வரும் ஐந்து வகைகளை இனிப் பார்ப்போம்.

திங்கட்கிழமை காலை

தவறுகள் எல்லாம் காலை ஏழு முதல் ஒன்பதுக்குள், அதுவும் திங்கட்கிழமைகளில் அதிகம் என்றால் அது வார்ம்-அப் பிரச்சினை. இரவில் செட்பாயின்ட்டை 15.6 டிகிரிக்கு இறக்கியிருப்பீர்கள். ஏழு மணிக்கு அது ஒரே தாவலில் 21-க்கு ஏறும். ஃபேனும் அதே ஏழு மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். அறையால் ஒரு நொடியில் அப்படித் தாவ முடியாது.

ஏன் முடியாது என்பதை எண்ணில் பார்க்கலாம். நூறு சதுர மீட்டர் பரப்பும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறை. அதிலுள்ள காற்றை மட்டும் 15.6-இலிருந்து 21-க்கு ஏற்ற அரை யூனிட்டுக்குச் சற்று அதிகமான வெப்பம் போதும். ஆனால் அதே அறையின் பத்து சென்டிமீட்டர் கான்கிரீட் தளத்தை வெறும் இரண்டு டிகிரி ஏற்ற சுமார் 11 யூனிட் வேண்டும். சனி, ஞாயிறு முழுவதும் ஊறிய குளிர் அந்தத் தளத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை மட்டும் மோசமாக இருப்பதன் காரணம் இதுதான்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. டிசைன் நாளில் தெர்மோஸ்டாட் 24 மணி நேரமும் 21-இலேயே நிற்பதாகக் கொடுத்திருந்தால், இரவுக் குளிரிலிருந்து அறையை மீட்கும் சுமை சைசிங் கணக்கில் சேரவே சேராது. ஒரு நாளைக்கு இரண்டு மணி தவறினாலும் நவம்பர் முதல் மார்ச் வரை 105 வேலைநாட்களுக்கு 210 மணி சேர்ந்துவிடும்.

தீர்வு எளிது. ஆட்கள் வருவதற்கு ஓரிரு மணி முன்பே ஃபேனையும் செட்பாயின்ட்டையும் எழுப்புங்கள். எனர்ஜிபிளஸில் ஆப்டிமம் ஸ்டார்ட் வசதியையும் பயன்படுத்தலாம். அந்த நேரத்தில் வெளிக்காற்று டேம்பர் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். ஆளில்லாத அறைக்காக மைனஸ் 15 டிகிரிக் காற்றை உள்ளே இழுத்துச் சூடாக்குவதில் பயனில்லை. இரவு செட்பேக் ஆழமாக இருந்தால் அதையும் சற்று உயர்த்திப் பார்க்கலாம். ஆனால் புரபோஸ்டில் செய்யும் அட்டவணை மாற்றத்தை விதி அனுமதிக்கும் அளவில் பேஸ்லைனிலும் செய்ய வேண்டும். உண்மைக் கட்டடத்தை நடத்தப்போகிறவர் அப்படித்தான் நடத்துவார் என்பதும் உறுதியாக வேண்டும்.

ஜனவரி முழுவதும், பகல் முழுவதும்

வெளியே குளிர் ஏற ஏற அறை இறங்கிக்கொண்டே போனால், வெப்பம் போதவில்லை. இதில் பலரும் தவறாகப் படிக்கும் இடம், ஜோனுக்குப் போகும் காற்றின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வி.ஏ.வி. பெட்டி.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். ஓரத்து ஜோன் ஒன்றின் உச்சக் காற்றளவு விநாடிக்கு 0.5 கனமீட்டர். அது கோடைக் கூலிங்குக்காகக் கணக்கிட்டது. குளிர்காலத்தில் டேம்பர் குறைந்தபட்ச நிலைக்கு, அதாவது 30 சதவீதத்துக்கு இறங்கிவிடும்: 0.15 கனமீட்டர். ரீஹீட் காயில் அந்தக் காற்றை 35 டிகிரி வரை ஏற்றலாம். அறை 21 டிகிரி. வித்தியாசம் 14. இதிலிருந்து அறைக்குக் கிடைக்கும் வெப்பம் சுமார் 2.5 கிலோவாட். மைனஸ் 20-இல் அறை இழப்பது 4 கிலோவாட் என்றால் ஒன்றரை கிலோவாட் பற்றாக்குறை.

இப்போது பாய்லரை இரண்டு மடங்கு பெரிதாக்கினாலும் ஒன்றும் நடக்காது. டேம்பர் வழியே போகும் காற்றும் அதன் உச்ச வெப்பநிலையும் முன்போலவே இருக்கின்றன. சைசிங் ஃபேக்டரைத் தூக்கியும் எண் அசையாத மாடல்களில் பெரும்பாலும் இந்தக் கதைதான். எனர்ஜிபிளஸில் டேம்பர் ஹீட்டிங் ஆக்‌ஷன் ‘நார்மல்’ என்று இருந்தால் ஹீட்டிங்கின்போது டேம்பர் குறைந்தபட்ச நிலையிலேயே நிற்கும். ‘ரிவர்ஸ்’ என்று கொடுத்தால் தேவைக்கேற்ப மேலும் திறக்கும். அது 50 சதவீதம் வரை திறந்தால் காற்று 0.25 கனமீட்டர், வெப்பம் 4.2 கிலோவாட். பிரச்சினை தீர்ந்தது. வடிவமைப்பு வரைபடத்தில் உள்ள கட்டுப்பாட்டு முறை அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுடுநீர் பக்கமும் கவனியுங்கள். காயிலை 82 டிகிரித் தண்ணீருக்கு சைஸ் செய்துவிட்டு, செட்பாயின்ட் மேனேஜரில் 60 டிகிரி என்று கொடுத்திருந்தால் காயில் ஒருபோதும் தன் முழுத் திறனைக் காட்டாது. பேஸ்லைன் விதியில் வெளியே மைனஸ் 6.7 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்கும்போது தண்ணீர் 82 டிகிரியில் போக வேண்டும். 10 டிகிரியிலும் அதற்கு மேலும் அது 66 டிகிரிக்கு இறங்கலாம். ரீசெட் அட்டவணையைத் தலைகீழாகக் கொடுத்துவிட்டுப் பாய்லரைக் குறை சொல்வதும் நடக்கிறது.

மைனஸ் எட்டில் நிற்கும் ஹீட் பம்ப்

தவறுகள் குறிப்பிட்ட ஒரு வெளிவெப்பநிலைக்குக் கீழே மட்டும், கத்தியால் வெட்டினாற்போல் தொடங்கினால் ஹீட் பம்ப்பைச் சந்தேகியுங்கள். வெளியே குளிர் கூடக்கூட அதன் திறன் குறையும். போதாததற்கு எனர்ஜிபிளஸின் டி.எக்ஸ். ஹீட்டிங் காயிலில் கம்ப்ரஸர் ஓடுவதற்கான மிகக் குறைந்த வெளிவெப்பநிலை இயல்பாகவே மைனஸ் 8 டிகிரி. அதற்குக் கீழே போனால் கம்ப்ரஸர் நின்றுவிடும். துணை ஹீட்டர் இல்லையென்றாலோ, அதன் அட்டவணை ‘ஆஃப்’ என்று இருந்தாலோ, சிகாகோ ஜனவரியில் பல நாட்கள் அறைக்கு வெப்பமே கிடைக்காது.

குளிர்நாட்டுக்கென்றே வரும் இன்றைய ஹீட் பம்ப்புகள் மைனஸ் 20-க்குக் கீழும் ஓடுகின்றன. உற்பத்தியாளர் கொடுத்த கர்வ்வையும் கட்-ஆஃப் வெப்பநிலையையும் மாடலில் இடுங்கள். இயல்பு மதிப்பை அப்படியே விட்டால் வடிவமைப்பாளர் போடாத இயந்திரம் ஒன்றை மாடல் செய்தவர் ஆவீர்கள்.

ஜூலையில் ஹீட்டிங் அன்மெட்

புதியவர்களைத் திணறடிப்பது இதுதான். வெளியே 30 டிகிரி. ரிப்போர்ட்டோ ஹீட்டிங் தவறியது என்கிறது. உண்மையில் அறையைக் குளிர வைத்தது நமது ஏ.சி.தான். கூடுதல் வெளிக்காற்று தேவைப்படும் கூட்ட அறையில் ஆளே இல்லை. ஆனாலும் குறைந்தபட்ச அளவாக 13 டிகிரிக் காற்று விநாடிக்கு 0.15 கனமீட்டர் போய்க்கொண்டே இருக்கிறது. 21 டிகிரி அறையிலிருந்து அது 1.4 கிலோவாட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். விளக்கும் ஆளும் இல்லாத உள் அறைக்கு அது தாங்காது. செட்பாயின்ட்டுக்குக் கீழே இறங்கும். ரீஹீட் செய்யலாம் என்றால், பாய்லரைக் கோடையில் நிறுத்திவைத்த அட்டவணை தடுக்கும்.

இதைப் பாய்லரின் அளவை மாற்றித் தீர்க்க முடியாது. சப்ளை காற்றின் வெப்பநிலையைச் சுமைக்கேற்ப உயர்த்தும் ரீசெட் கொடுங்கள். ஆட்கள் எண்ணிக்கைக்கேற்ப வெளிக்காற்றைக் குறைக்கும் வசதி வடிவமைப்பில் இருந்தால் அதை மாடலிலும் காட்டுங்கள். ரீஹீட் உள்ள சிஸ்டத்தில் சுடுநீர் கோடையிலும் கிடைக்க வேண்டுமா என்பதை வடிவமைப்பாளரிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள்.

ஒரே ஜோன், வருடம் முழுவதும்

ஒரு ஜோன் மட்டும் ஆயிரக்கணக்கான மணி தவறினால் பெரும்பாலும் அது மாடல் போட்டதில் உள்ள பிழை. ஜோனுக்குத் தெர்மோஸ்டாட் இருக்கும், கருவி இணைக்கப்பட்டிருக்காது. கருவி இருக்கும், அதன் அவைலபிலிட்டி அட்டவணை பூஜ்யம். அல்லது நான்கு அறைகளுக்கு ஒரே ரூஃப்டாப் யூனிட் கொடுத்து, வெயில் விழும் தெற்கு அறையின் தெர்மோஸ்டாட்டை வைத்து அதை ஓட்டுவார்கள். தெற்கு அறை திருப்தியடைந்ததும் யூனிட் நிற்கும், வடக்கு அறை குளிரில் தவிக்கும். கடைசியில் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. உண்மைக் கட்டடத்திலும் அப்படித்தான் நடக்கும். ஜோன் பிரிப்பு தவறு என்று மாடல் முன்கூட்டியே சொல்கிறது.

செய்யக் கூடாதவை

டாலரன்ஸை த்ராட்லிங் ரேஞ்சின் பாதிக்கு ஒத்துவரும்படி வைப்பது முறை. 2 ஃபாரன்ஹீட் ரேஞ்சுக்கு 1 ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 0.56 செல்சியஸ். அதற்கு மேல் விரிப்பது தெர்மாமீட்டரின் கண்ணை மூடுவது. செட்பாயின்ட்டை இறக்குவது, தொல்லை தரும் ஜோனின் தெர்மோஸ்டாட்டையே நீக்குவது, ஆட்கள் வரும் நேரத்தைத் தள்ளிவைப்பது ஆகிய மூன்றும் எண்ணை இறக்கும். மூன்றும் மாடலைப் பொய்யாக்கும்.

சைசிங் ஃபேக்டரைப் பொறுத்தவரை, அப்பெண்டிக்ஸ் ஜி பேஸ்லைனுக்கு ஹீட்டிங்கில் 25 சதவீதமும் கூலிங்கில் 15 சதவீதமும் கூடுதல் கொடுக்கச் சொல்கிறது. எனர்ஜிபிளஸின் இயல்பு மதிப்பும் 1.25, 1.15தான். மற்ற காரணங்கள் அனைத்தையும் சரிபார்த்த பிறகும் பேஸ்லைன் 300-ஐத் தாண்டினால், காற்றளவையும் திறனையும் சிறிது சிறிதாக உயர்த்திப் பாருங்கள். எடுத்த எடுப்பில் 2.0 போட்டால் ஃபேனும் பாய்லரும் பகுதிச் சுமையில் ஓடி, பேஸ்லைன் செலவு ஊதிப் பெருகும். அதனால் வரும் ‘மிச்சம்’ பரிசீலகர் கண்ணில் முதலில் படும்.

புரபோஸ்டு மாடலில் அந்த உரிமையும் கிடையாது. அங்கே இருப்பது வரைபடத்தில் உள்ள கருவி. வரைபடத்திலுள்ள பாய்லர் போதவில்லை என்று மாடல் சொன்னால், முதலில் உங்கள் உள்ளீடுகளைச் சரிபாருங்கள்: காற்றுக் கசிவு எவ்வளவு, கண்ணாடியின் யு-மதிப்பு என்ன, வெளிக்காற்று அளவு இருமுறை சேர்ந்துவிட்டதா? எல்லாம் சரியாக இருந்து பற்றாக்குறை தொடர்ந்தால், வடிவமைப்பாளரை அழைத்துச் சொல்லுங்கள். கட்டி முடித்து ஆட்கள் குடிவந்த பிறகு வரும் புகாரைவிட, மாடலில் வரும் புகார் மலிவானது.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

முதலில் இணைப்புகளும் அட்டவணைகளும். அடுத்து தெர்மோஸ்டாட்டும் கட்டுப்பாடும். பிறகு காற்றளவு, காற்றின் வெப்பநிலை, தண்ணீரின் வெப்பநிலை. கடைசியில்தான் திறன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, சிமுலேஷனை ஓட்டி, அன்மெட் எண்ணையும் ஹீட்டிங் எரிபொருள் செலவையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். அறை சூடானால் செலவு கூட வேண்டும். அன்மெட் குறைந்தும் ஹீட்டிங் செலவு கூடவில்லை என்றால், அறை உண்மையிலேயே சூடாகிறதா, அல்லது கணக்குதான் மறைந்துவிட்டதா என்று மறுபடி பாருங்கள்.

ரிப்போர்ட்டோடு ஒரு பத்தி விளக்கமும் சேர்த்து அனுப்புங்கள்: எந்த ஜோன் தவறியது, ஏன், என்ன மாற்றினீர்கள், மீதி எத்தனை மணி, அது ஏன் ஏற்கத்தக்கது. விளக்கமில்லாத 50-ஐவிட விளக்கத்தோடு வரும் 180 மணிக்குத்தான் பரிசீலகரிடம் மதிப்பு அதிகம்.